ரிஜெக்ட் - திருத்தணி

திருத்தணி,
12-2-1984

இளங்கோவனுக்கு அக்கா காஞ்சனா எழுதுவது.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. ஆறு வருஷமாக இல்லாத அன்பு ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினதும் வந்துவிடுமா?

நவம்பர் பத்தொன்பதாம் தேதி உன் மாமா தொழிற்சாலையில் கிரேன் சங்கிலி அறுந்து செத்துப்போனார். அம்மாவுக்கு ஒரே நாளில் கூடப்பிறந்த தம்பியும் போனான், மருமகனும் போனான். உனக்குத் தந்தி கொடுத்தோம். நீயும் பதிலுக்கு ஒரு தந்தி கொடுத்தாய். 'ஆழ்ந்த அனுதாபங்கள், இளங்கோவன், பம்பாய்.' அதைக் கொண்டுவந்த தபால்காரன் கிருஷ்ணன், "ஆபீஸ்ல கூட வேல செஞ்சவராம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் சாவுக்கு வராதவனைத் தம்பி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

திட்டுவதற்கு மட்டும் எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டும். வேறு யாராவது இருந்திருந்தால் உன்னிடம் வந்திருக்கவே மாட்டேன்.

அவர் வேலை பார்த்த தொண்டை காஸ்டிங்ஸில், வேலையில் இருக்கும்போது செத்தால் பெண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ வாரிசு வேலை தருவார்கள். ஒரு வருஷத்துக்குள் மனு பதிவாக வேண்டும். டைம் ஆபீஸில் இடம் காலியாக இருக்கிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர். எல்லாம் பொருந்தியது. மனுவை மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். அது என்னைத் தள்ளிவிட்டது. டைம் ஆபீஸ் கிளார்க் பஞ்சாட்சரத்திடம் போய்க் கேட்டேன். "யம்மா, மெஷின் உங்கள ஒத்துக்க மாட்டேங்குது. ஊர் பேர்ல ஏதோ சிக்கல்னு காட்டுது. நம்ம ஊரு முன்னாடி ஆந்திராவுல இருந்துச்சில்ல, அத்த வெச்சிக்கினு கொழம்பிக்கினு இருக்குதுபோல" என்கிறார்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த விஷயம். கழுதை மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். மெட்ராசில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிற அந்த மகாராஜாவுக்கு மட்டும் தெரியாதாம்.

தீபாவளி மலரில் நீ எழுதின கட்டுரையைப் படித்தேன். 'இரண்டாயிரத்தில் மனிதன்'. உன் படம்கூடப் போட்டிருந்தார்கள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. 'இரண்டாயிரமாவது ஆண்டில் மனிதன் தான் யார் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்காது. இயந்திரம் அவனை அவன் தாயைவிட நன்றாக அறிந்திருக்கும்' என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவன அறிஞ்சிகினவளே நான் ஒருத்திதான். எனக்கே இவன் யாருன்னு தெரியல" என்றாள்.

மனிதகுலத்தின் எதிர்காலம் கிடக்கட்டும். என் எதிர்காலத்துக்கு வருகிற நவம்பர் வரைக்கும்தான் கெடு. அந்த மெஷினிடம் என்ன சொன்னால் கேட்கும் என்று எழுது.

காஞ்சனா


பம்பாய்,
24-2-1984

திருமதி காஞ்சனா கோதண்டபாணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஏச்சுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதில் நான்கு வரி விஷயம் இருந்தது. அந்த நான்கு வரிக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் தவறு செய்யாது. அதற்கு வெறுப்பு கிடையாது, ஜாதி கிடையாது, 'நம்ம ஆள்' கிடையாது. தவறு செய்பவர்கள் அதற்குத் தகவல் கொடுக்கும் மனிதர்கள். உங்கள் பஞ்சாட்சரம் போன்றவர்கள். வெற்றிலைக் கறை படிந்த விரலால் படிவத்தை நிரப்பிவிட்டு, மெஷின் குழம்புகிறது என்பார்கள். திருத்தணிக்கு மாவட்டம் செங்கல்பட்டு என்று எழுதுவதற்குப் பதில் பழைய ஞாபகத்தில் சித்தூர் என்று எழுதியிருப்பார். அவ்வளவுதான்.

தாசில்தாரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிச் சமர்ப்பிக்கவும். திருத்தணி தமிழ்நாட்டில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது என்றும், தாங்கள் அங்கே வசிப்பவர் என்றும் அதில் இருக்க வேண்டும். அதன்பின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். ஏற்காமல் இருக்க அதற்குக் காரணமே இல்லை.

கட்டுரையைக் கேலி செய்திருக்கிறீர்கள். பரவாயில்லை. பெண்ணுக்கு வெளியில் மாப்பிள்ளை தேடாமல் வீட்டுக்குள்ளேயே கையைப் பிடித்துக் கொடுக்கிற ஊரில், எதிர்காலம் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். உங்கள் கல்யாணத்தின்போது நான் எழுதிய கடிதத்தில் ஒரு வார்த்தையைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன். அது காட்டுமிராண்டித்தனம்தான். உங்கள் கணவரின் மரணத்துக்காக வருந்துகிறேன். அது வேறு விஷயம்.

இளங்கோவன்


திருத்தணி,
30-3-1984

இளங்கோவனுக்கு,

'உங்கள் கணவர்.' நல்ல வார்த்தை. காலேஜ் சேர்ந்த முதல் வாரம் நீ ரயிலைத் தவறவிட்டபோது, உன்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அரக்கோணம் ஸ்டேஷன் வரைக்கும் மிதித்துக்கொண்டு போனவருக்கு அப்போது என்ன பெயர்? எட்டு மைல். நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு சீக்கிரம் மாமா, சீக்கிரம் மாமா என்று கத்தினாயாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சரி, விடு.

நீ சொன்னபடி தாலுகா ஆபீசுக்குப் போனேன். நாலு நாள் நடந்தேன். அங்கே சிவப்பிரகாசம் என்று ஒரு கிளார்க். மனுவை இரண்டு தடவை படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, திருத்தணி தமிழ்நாட்டுலதான் கீதுன்னு சர்டிபிகேட்டா? எழுவது வயசு கெழவன், நான் ஆம்பளைதான்னு எழுதிக் குடுன்னு கேக்கற மாதிரி கீது" என்றார். ஆபீசே சிரித்தது. தாலி அறுத்து நாலு மாதம் ஆன பொம்பளை நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. "யாரும்மா உனக்கு இந்த ரோசன சொன்னது?" என்று கேட்டார். பம்பாயில் பெரிய படிப்பு படித்தவர் ஒருத்தர் என்றேன். "அதான பார்த்தேன்" என்றார்.

கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள், கோபுர முத்திரை குத்தி. இனிமேல் எவனாவது திருத்தணி ஆந்திராவில் இருக்கிறது என்று சொன்னால் காட்டுவதற்கு என்னிடம் கவர்ன்மெண்ட் அத்தாட்சி இருக்கிறது.

அதை அனுப்பி மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. அதே பதில். பஞ்சாட்சரம் வெட்கப்பட்டுப்போனார். நீ சொன்னதை அவரிடம் சொல்லியிருந்தேன். தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டினார். மாவட்டம் செங்கல்பட்டு என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறது. இன்னொன்று, அவர் வெற்றிலை போடுவதில்லை. சர்ச்சுக்குப் போகிற மனுஷன் மாதிரி வெள்ளைச் சட்டையில்தான் வருவார்.

மெஷின் அடித்து அனுப்பின துண்டுச் சீட்டை அவரிடமிருந்து கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உன் மாமாவுடைய பேர், நம்பர், என் பேர் எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசியில் 'ரிஜெக்ட் - திருத்தணி' என்று இங்கிலீஷில் இருக்கிறது. வேறு ஒரு காரணமும் இல்லை. திருத்தணி என்பது ஒரு குற்றமா? இல்லை, அந்த மெஷினுக்கு முருகன்மேல் ஏதாவது கோபமா?

தவறே செய்யாத உன் மெஷினுக்காக நீயே ஒரு காரணம் கண்டுபிடித்து எழுது. இங்கே எங்களுக்கெல்லாம் மூளை போதவில்லை.

காஞ்சனா


பம்பாய்,
5-5-1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை அதிகம். மன்னிக்கவும்.

சீட்டைப் பார்த்தேன். நீ இனிமேல் எங்கும் அலைய வேண்டாம். தாலுகா ஆபீசுக்கும் போக வேண்டாம், தொழிற்சாலைக்கும் போக வேண்டாம். அந்தச் சீட்டின் வேறு பிரதி பஞ்சாட்சரத்திடம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

மாமாவின் பணியாளர் எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்பு. சீட்டில் கடைசி இரண்டு இலக்கம் மங்கலாக இருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் உன் பதிவு சரியாகிவிடும். எப்படி என்று கேட்காதே. சில தொழில்நுட்ப விஷயங்களைக் கடிதத்தில் விளக்க முடியாது.

அம்மாவுக்கு வணக்கம் சொல்லு. கமலா பள்ளிக்கூடம் போகிறாளா?

அன்புடன்,
இளங்கோவன்


திருத்தணி,
16-5-1984

இளங்கோவனுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் முகவரி மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். அன்புள்ள அக்கா! போன கடிதத்தில் 'திருமதி', 'தங்கள்'. இதில் 'நீ', 'மாமா', 'மன்னிக்கவும்'. பிறந்ததிலிருந்து நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. என் மகள் கமலாவின் பேர் உனக்குத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

என்னடா பண்ணின?

நான் முட்டாள் இல்லை. நீ சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்காரவும் இல்லை. மறுநாளே பஞ்சாட்சரத்திடம் போனேன். இந்த மாதிரி சீட்டு வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். முதலில் தயங்கினார். அப்புறம் ஒரு ஃபைலை எடுத்தார். இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. ஒருத்தி பொதட்டூர்பேட்டை கோவிந்தம்மாள். இன்னொருத்தி திருவாலங்காட்டுக்காரி. இரண்டு பேர் புருஷனும் உன் மாமாவுக்கு முன்னால் செத்தவர்கள். இரண்டு பேர் சீட்டிலும் 'ரிஜெக்ட் - திருத்தணி'.

பொதட்டூர்பேட்டைக்காரிக்கு எதற்குடா திருத்தணி? திருவாலங்காட்டுக்காரிக்கு எதற்கு?

பஸ் ஏறி கோவிந்தம்மாளைப் பார்க்கப் போனேன். பவர்லூம் ஷெட் ஒன்றில் லுங்கி மடிக்கிறாள். கையை நிறுத்தாமலே பேசினாள். "எனக்கு ஒண்ணும் புரியலக்கா. அவரு வேலைல சேர்ந்தப்போ நான் சின்னப் பொண்ணு. எங்கம்மாவோட தம்பிதான் அவரு. எங்க வீட்டுலதான் வளர்ந்தாரு. கார்டுல அக்கா மகள்னு எம்பேர எழுதிக் குடுத்துக்கினாரு. அப்புறம் என்னையே கட்டிக்கினாரு, பொண்டாட்டின்னும் எழுதிக் குடுத்தாரு. ரெண்டும் நெசந்தான?" என்றாள்.

எனக்கு அங்கேயே தலை சுற்றியது. ஏனென்றால் எனக்கும் அதே கதைதான். எழுபத்துநாலில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது குடும்பக் கார்டில் 'காஞ்சனா, அக்கா மகள்' என்று எழுதினார். எழுபத்தெட்டில் மலைமேல் கல்யாணம் முடிந்ததும் அதே கார்டில் கீழே 'காஞ்சனா, மனைவி' என்று எழுதினார். பஞ்சாட்சரத்திடம் கேட்டேன். திருவாலங்காட்டுக்காரியும் தாய்மாமனைக் கட்டினவள்தான்.

ஆக, அது ஊர் இல்லை. மாமனைக் கட்டினவளுக்கு மெஷின் வைத்த பேர் திருத்தணி. எந்த மெஷினுக்கு இந்த ஊரைத் தெரியும்? இந்த ஊரில் மாமனைக் கட்டுவார்கள் என்று அதற்கு யார் சொன்னது?

சுற்றி வளைக்காமல் எழுது. பணியாளர் நம்பரை அதற்கப்புறம் அனுப்புகிறேன்.

காஞ்சனா


பம்பாய்,
3-6-1984

அக்கா,

மெஷின் உன்னைத் தள்ளிய அந்தச் சோதனையை எழுதியவன் நான்.

1981-ல் எங்கள் கம்பெனி தொழிற்சாலைகளுக்காக ஒரு பணியாளர் பதிவேடு தயாரித்தது. அதை வடிவமைத்தவன் நான்தான். தொண்டை காஸ்டிங்ஸ் அதை வாங்கியது எனக்குத் தெரியாது. விற்பது வேறு பிரிவு. உன் சீட்டைப் பார்த்த பிறகுதான் விசாரித்தேன். அதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் உண்மை.

உறவுகளுக்கு எண் கொடுத்தேன். மனைவி ஒன்று. மகன் இரண்டு. உடன்பிறந்தாள் மகள் பதினொன்று. ஒரே பெயர் இரண்டு எண்களில் வந்தால் மெஷின் தள்ளும். போலிப் பெயர்களைப் பிடிப்பதற்காக அது தேவை. அப்படித் தள்ளியதை ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டால் திருத்தலாம். எல்லாப் பிழைக்கும் அந்த வழியை வைத்தேன். ஒன்றும் பதினொன்றும் சேர்ந்து வரும் பிழைக்கு மட்டும் வைக்கவில்லை. எந்தச் சான்று காட்டினாலும், யார் கையெழுத்துப் போட்டாலும் அது திருத்தாது. மறந்து விட்டதல்ல. வேண்டுமென்றே எழுதினேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். என் மேலதிகாரி குல்கர்னியிடம், எங்கள் ஊரில் பெண்கள் மாமாவையே கட்டிக்கொள்வார்கள், மலைமேல் சாமி சாட்சியாக, என் வீட்டிலேயே நடந்தது என்று சொன்னேன். கேன்டீனில் வைத்து. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'அப்படியானால் உன் ஊர் பெயரையே வை' என்றார். நானும் சிரித்தேன். வைத்தேன். இன்றுவரை இங்கே அதற்குத் திருத்தணி என்றுதான் பெயர்.

அந்த வழக்கம் தவறு என்று இப்போதும் நினைக்கிறேன். விஞ்ஞானம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீ தாலுகா ஆபீசில் நின்றதைப் படித்தபோது கேன்டீனில் நான் சிரித்தது ஞாபகம் வந்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மெட்ராஸ் மெஷினைப் பராமரிக்கும் இளைஞன் என்னிடம் வேலை கற்றவன். உன் பதிவை மட்டும் அவன் கையால் மாற்றிவிடுவான். பதினொன்றை அழித்துவிட்டால் நீ மனைவி மட்டும்தான். ஒரு நிமிட வேலை.

சோதனையையே எடுப்பது வேறு விஷயம். அதற்கு நான் எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும். செப்டம்பரில் என்னை அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இதைச் சொன்னால் அனுப்ப மாட்டார்கள். உனக்கும் நஷ்டம். தொண்டை காஸ்டிங்ஸில் வருஷத்துக்கு ஒரு வாரிசு வேலைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மரணத் தேதி வரிசைப்படி. சோதனையை எடுத்தால் கோவிந்தம்மாளும் மற்றவளும் உனக்கு முன்னால் வருவார்கள். எடுக்காவிட்டால் நீ ஒருத்திதான் பட்டியலில்.

கமலாவை நினைத்து முடிவு செய். எண்ணை அனுப்பு.

இளங்கோவன்


திருத்தணி,
11-6-1984

டேய் இளங்கோவா,

நல்லாயிருக்குடா உன் விஞ்ஞானம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

என் கல்யாணம் பிடிக்கவில்லை என்றால் வந்து வாசலில் நின்று கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். நானும் பதிலுக்குத் தூற்றியிருப்பேன். அதற்கு உனக்குத் துணிச்சல் இல்லை. ஆயிரம் மைல் தள்ளிப்போய், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, முகம் தெரியாத பொம்பளைகள் வயிற்றில் அடித்திருக்கிறாய். அதுவும் உன் கையால் இல்லை. மெஷின் அடித்துக்கொண்டே இருக்கும், நீ கன்னத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வாய். மெஷினுக்கு வெறுப்பு கிடையாது என்று எழுதினாயே. உண்மைதான், அதற்கு இல்லை. உன்னுடையதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வழக்கம் தப்பு என்கிறாய். தப்பாகவே இருக்கட்டும். பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று அன்றைக்கு எழுதினாய். கமலாவுக்கு ஒரு குறையும் இல்லை, உன்னை மாதிரி வாய் மட்டும் கொஞ்சம் நீளம். குறை இருக்கிற பிள்ளை எங்காவது பிறந்திருந்தாலும் அதற்குச் சோறு போட வேண்டாமா? அதன் அம்மாவுக்கு வேலை வேண்டாமா? நீ திருத்த நினைத்தது யாரை? செத்துப்போனவனையா?

இரண்டாயிரத்தில் மெஷின் மனிதனை ஆளும் என்று பேப்பரில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எனக்கு மெஷினைப் பார்த்துப் பயமே இல்லை. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே, சிரிப்புக்காக, நம்பர் போடுகிற உன்னை மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் பயம். பஞ்சாட்சரம் தப்பு பண்ணினால் அவர் மேஜை முன்னால் போய் நிற்கலாம். சிவப்பிரகாசம் சிரித்தாலும் கடைசியில் முத்திரை குத்தினார். உன் முன்னால் எப்படி வந்து நிற்பது? நீ இருக்கிறாய் என்றே யாருக்கும் தெரியாதே.

இப்போது முடிவைக் கேட்டுக்கொள். நம்பரை அனுப்ப மாட்டேன். என் பேரை மட்டும் அழித்து எழுதினாயோ, நானே அந்தச் சீட்டையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஹெட் ஆபீசுக்குப் போய்விடுவேன். பதினொன்றை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்க நீ யார்? நான் அவர் அக்கா மகள்தான். அவர் பெண்டாட்டியும்தான். அவர் இருந்தவரைக்கும் இரண்டுக்கும் ஒரே ஆளாகத்தான் இருந்தார், ஒரு குறையும் வைக்கவில்லை.

நீ காரணம் எழுது. உன் பேர் போட்டு எழுது. எல்லாருக்கும் எடு. எனக்கு முன்னால் இரண்டு பேர் வருவார்கள் என்றால் வரட்டும். கோவிந்தம்மாள் லுங்கி மடித்துக்கொண்டே, ரெண்டும் நெசந்தான என்று கேட்ட கேள்வி என் காதிலேயே இருக்கிறது. அவளைத் தள்ளிவிட்டு டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

தைரியமாக எழுதிவிட்டேன். ஆனால் கமலாவுக்கு ஜூலையில் பள்ளிக்கூடம். உன்னை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

காஞ்சனா


பம்பாய்,
20-8-1984

அக்கா,

இரண்டு மாதம் எழுதவில்லை. முதல் மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். நீ கேட்டது அதிகம் என்று நினைத்தேன். அமெரிக்காவுக்கான பெட்டிகூட வாங்கிவிட்டேன். திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, எத்தனை பேர் என்று பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. அதற்கு ஓர் அரை மணி நேரம்தான் பிடித்தது. மூன்று வருஷமாக நான் ஒரு தடவைகூடப் பார்க்காதது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஏழு தொழிற்சாலைகள். சேலத்தில் மட்டும் தொண்ணூறு. விசாகப்பட்டினத்தில் அறுபத்துநாலு. சிலருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு மறுக்கப்பட்டிருக்கிறது. ஒருத்தியின் பெயருக்கு நேராக, 'மனுதாரர் இறந்துவிட்டார், ஃபைல் முடிக்கப்பட்டது' என்று இருந்தது. என்ன நோய் என்று மெஷினில் இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். காரணம் என்ற இடத்தில், தனிப்பட்ட வெறுப்பு என்று எழுதினேன். குல்கர்னி அதை அடித்துவிட்டு 'வடிவமைப்பில் கவனக்குறைவு' என்று மாற்றச் சொன்னார். அது கம்பெனிக்கு நல்லதாம். மாற்றவில்லை. தன்னையும் சேர்த்து மாட்டிவைத்தேன் என்று அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

சோதனை ஆகஸ்ட் ஆறாம் தேதி எல்லா இடத்திலும் எடுக்கப்பட்டது. பழைய மனுக்கள் தானாகவே மறுபடியும் பதிவாகும். அமெரிக்காவுக்கு வேறொருவன் போகிறான். என்னை மெஷின் அறையிலிருந்து மாற்றி, கையேடு எழுதும் வேலையில் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் கை வைக்க இனி எனக்கு அனுமதி இல்லை.

புதிதாக வந்தவன் நேற்று உறவுப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தான். எதற்கோ ஒரு சோதனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சோதனை என்று கேட்டேன். உங்களுக்கு எதற்கு சார் என்றான்.

மாமாவுக்கு வருஷத் திதி வருகிறது. நான் வரலாமா?

இளங்கோவன்


திருத்தணி,
15-10-1984

இளங்கோவனுக்கு,

திதி இந்த வருஷம் நவம்பர் ஏழாம் தேதியே வருகிறது. வரலாமா என்று கேட்கிறாய். வரக்கூடாது என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன். மறுநாள், "வந்தா இலைல சோறு போடுவேன். முகத்தப் பார்க்க மாட்டேன்" என்றாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் எதிர்பார்க்காதே.

நீ வேலை போகாமல் தப்பித்தாய். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வயிற்றில் அடித்தவனைக் கையேடு எழுத வைத்திருக்கிறார்கள். இங்கே கேட் வாட்ச்மேன் ராஜவேலு ஒரு நாள் தூங்கினதற்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கா போகவில்லை என்று நான் உனக்காக அழ வேண்டுமா? எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் 'தனிப்பட்ட வெறுப்பு' என்று எழுதினதை மாற்றவில்லை பார், அந்த ஓர் இடத்தில் மட்டும் உன்னை எனக்கு அடையாளம் தெரிந்தது.

எங்கள் மனுக்கள் மூன்றும் பதிவாகிவிட்டன. நீ சொன்ன வரிசைதான். யார் முதலில் தாலி அறுத்தாளோ அவளுக்கு முதலில். கோவிந்தம்மாளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கேன்டீனில் போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றுதான் என்பதால் டைம் ஆபீஸ் இடத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் திருவாலங்காட்டுக்காரி. எனக்கு எண்பத்தாறில். அதுவரைக்கும் கோவிந்தம்மாள் விட்டுவிட்டுப் போன இடத்தில் நான் லுங்கி மடிக்கிறேன். காலையில் பொதட்டூர்பேட்டை பஸ், சாயங்காலம் திரும்பி வரும் பஸ். முதல் வாரம் விரலெல்லாம் காய்த்துப்போனது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின விரல். ராத்திரி படுக்கும்போது உன்னையும் திட்டுவேன், என்னையும் திட்டிக்கொள்வேன். ஜூன் மாசம் ஒரு கார்டில் நம்பர் எழுதிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். செய்ததற்கு வருத்தம் இல்லை. வலி இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஆர்டரை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே காலில் விழப்போனாள். சீ எழுந்திரு என்று திட்டி உள்ளே கூட்டிப்போனேன்.

"யாருக்கா இத்த சரி பண்ணது?" என்று கேட்டாள்.

"என் தம்பி" என்றேன்.

"நல்லாயிருக்கணும் அவரு. முன்னாடி இத்த கெடுத்து வெச்சது யாரு? தெரிஞ்சிச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அதுவும் என் தம்பிதான்" என்றேன்.

ஆர்டரை மறுபடியும் பைக்குள் வைத்தாள். என் முன்னாலேயே உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அக்கா, எம்பேரு இன்னமும் அந்த மெஷின்லதான கீது? எங்கொழந்தைங்க பேரும் அதுலதான் ஏறப்போகுது. இனிமே நான் அத்த நம்பிக்கினு இருக்கலாமா, கூடாதா? நீ சொல்லு" என்றாள்.

என் தம்பி வருவான், அவனிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன். திதிக்குச் சமையலுக்கு அவள்தான் வருகிறாள். சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். பதிலை யோசித்துக்கொண்டு வா.

காஞ்சனா